ஒரு ப்ளக் பாயின்ட்டை இரண்டாக்கலாமா?

"சமையல் மேடைக்கு மேலே ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்தான் இருக்கிறது. மிக்சியைக் கழற்றினால்தான் கெட்டில் போட முடிகிறது. சுவரை உடைக்காமல் இதை இரண்டாக்க முடியுமா? நானே செய்யலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் முதலில் அது ஐந்து ஆம்ப் பாயின்ட்டா, பதினைந்து ஆம்ப் பாயின்ட்டா என்று பாருங்கள். இப்போது 6, 16 என்று அச்சிட்டு வருகிறது. நம் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சின்ன ஓட்டை மட்டும் இருந்தால் 6. அதை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். கெட்டிலின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், பெரும்பாலும் 1500 வாட் என்றிருக்கும். அதாவது மிக்சி சேராமலே கணக்கு தாண்டிவிட்டது. வெளியே ஓட்டை இரண்டானாலும் சுவருக்குள் வருகிற வயர் அதே பழைய வயர்தான்.

எனவே சின்ன பாயின்ட் என்றால், மிக்சிக்கும் செல்போன் சார்ஜருக்கும் இரண்டாக்கிக்கொள்ளுங்கள். கெட்டிலுக்கும் இன்டக்‌ஷன் அடுப்புக்கும் மெயின் போர்டிலிருந்து 2.5 எம்எம் (அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர்) வயர் தனியாக இழுக்க வேண்டும். பெரிய பாயின்ட் என்றால் கவலை குறைவு. 16 ஆம்பியருக்கு 3680 வாட் வரை தாங்கும். 750 வாட் மிக்சியும் 1500 வாட் கெட்டிலும் தாராளமாக ஓடும். அந்த வயர் உண்மையிலேயே 2.5 எம்எம்தானா, அதிலிருந்தே ஃபிரிட்ஜுக்கும் எடுத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

எம்சிபி (லோடு கூடினால் தானாகவே விழுந்து கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறதே என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடச் சொல்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்புறம் எம்சிபி விழாது, சுவருக்குள் வயர்தான் வேகும்.

உடைக்காமல் செய்வது பிளேட்டைப் பொறுத்தது. சுவிட்ச், சாக்கெட்டைத் தனித்தனியாகச் செருகும் மாடுலர் பிளேட்டில் இடத்தை மாடுல், அதாவது கட்டக் கணக்கில் சொல்வார்கள். சாக்கெட் இரண்டு மாடுல் இடம் பிடிக்கும், சுவிட்ச் ஒன்று. மூன்று மாடுல் டம்மி மூடி சும்மா இருந்தால் அதிர்ஷ்டம், அதை எடுத்துவிட்டுப் புது சாக்கெட்டையும் சுவிட்சையும் செருகலாம். இடமில்லை என்றால் உள்ளே இருக்கும் பெட்டியையே மாற்ற வேண்டும். அது உடைப்பு வேலை. அதற்குப் பதில் பழைய போர்டை ஒட்டி, சுவருக்கு வெளியே ஒரு பிவிசி பெட்டியை ஸ்க்ரூ போட்டு வைத்துவிடலாம். பார்க்கக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், வேலைக்குக் குறையில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மட்டும் வேண்டாம்.

நீங்களே செய்வதா? பழுதான சுவிட்சைக் கழற்றி அதே மாதிரி ஒன்றை மாட்டுவது வேறு, புதிதாக ஒரு பாயின்ட் சேர்ப்பது வேறு. இரண்டாவதை லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும் என்கிறது விதி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மெயினை இறக்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்தப் பக்கமிருந்து கரன்ட் வந்துகொண்டே இருக்கலாம். அதையும் அணைக்க வேண்டும். டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் வேறொரு பாயின்ட்டில் வைத்து, எரிகிறதா என்று பார்த்த பிறகே இங்கே வைக்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது அல்லவா!

இணைப்பு எளிது. பழைய சுவிட்சுக்கு வரும் ஃபேஸிலிருந்து (கரன்ட் வரும் வயர்) புது சுவிட்சுக்கு ஒரு லூப், அதாவது இணைப்புத் துண்டு வயர்; நியூட்ரலுக்கு (கரன்ட் திரும்பும் வயர்) ஒரு லூப், பச்சை எர்த்துக்கு ஒரு லூப். லூப் வயர் உள்ளே வரும் வயரின் அளவே இருக்க வேண்டும். பழைய வீடுகளில் பச்சை வயரே இருக்காது; அப்போது நியூட்ரலையே எர்த் முனையில் முறுக்கிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் மிக்சியின் உலோகப் பகுதியில் கரன்ட் நிற்கும். எர்த் இல்லையென்றால் முதலில் எர்த் போடுங்கள்.

ஒருமுறை கருகிய சாக்கெட் ஒன்றைக் கழற்றினேன். ஸ்க்ரூவுக்குள் இரண்டு வயரைத் திணித்திருந்தார்கள். ஒன்றில் நாலைந்து செம்பு இழைகள்தான் பிடித்திருந்தன, மீதி வெளியே விரிந்து கிடந்தன. லோடு அதிகமில்லை, லூஸ் கனெக்‌ஷனே அந்தச் சூட்டைக் கிளப்பியிருந்தது. அதனால் முறுக்கிய வயரை ஸ்க்ரூ இறுக்கியபின் ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும், எர்த் ஓட்டை மேலே இருக்கப் பார்த்தால் வலது ஓட்டையில் டெஸ்டர் எரிய வேண்டும். சுவிட்சை அணைத்தால் அணைய வேண்டும். பெரிய பாயின்ட் என்றால் இரண்டு, மூன்று முறை கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கி, பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால், எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன்பே திறந்து இறுக்கச் சொல்லுங்கள்.