கார் கழுவியபின் ஈரம் எடுப்பது: ஒரு ஞாயிறு கேள்வி பதில்

பெங்களூர் கம்மனஹள்ளியில் 14 வருடமாக கார் பாலிஷ், டீடெய்லிங் வேலை பார்க்கிறேன். பட்டறைக்கு வரும் வண்டிகளில் இருக்கும் மெல்லிய கீறல்களில் பெரும்பகுதி வீட்டு வாசலில் துடைக்கும்போது விழுந்தவை. அதனால் கழுவி முடித்தபின் ஈரம் எடுப்பது பற்றியும், அதற்கான மைக்ரோஃபைபர் டவலைப் பார்த்துக்கொள்வது பற்றியும் மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். காலையிலிருந்து வந்தவையும் என் பதில்களும் இங்கே, கேட்டவர் பெயருக்குப் பதில் அவருடைய ஏரியா.

ஒயிட்ஃபீல்ட், கருப்பு செடான்: சார், கழுவிக் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பெயின்ட் கெட்டுவிட்டதா?

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீர், இல்லையென்றால் டேங்கர். அதுவும் பெரும்பாலும் போர்தான். அதில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பக்கெட்டின் உள்பக்கமும் ஷவர் துளைகளும் வெள்ளையாகப் படிந்திருக்கும் பாருங்கள், அதே சரக்குதான் பானட்டிலும்.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு துணியை நனைத்து, நிழலில் ஆறியிருக்கும் பானட்டின் மேல் ஒரு நிமிடம் போட்டு வையுங்கள். அழுத்தாமல் எடுத்து, அந்த இடத்தை ஷாம்பூ போட்டு அலசிவிடுங்கள். மெழுகு பூசியிருந்தால் அந்த இடத்தில் மறுபடி பூச வேண்டும். இதற்கும் அசையாத புள்ளி என்றால் வெயிலில் சுட்டுப் பெயின்டுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பாலிஷ் போடாமல் போகாது.

இனி வராமல் இருக்க: புறங்கையால் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் கழுவாதீர்கள். கழுவி முடித்ததும் ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மெதுவாக மேலிருந்து ஓட விடுங்கள். ஒரே படலமாக வழிந்து ஓடும்போது சொட்டுகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மிச்சத்துக்குத்தான் டவல். பெரிய டவலை விரித்துப் போட்டு, இரண்டு முனையைப் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். அதன் எடையே போதும், கை அழுத்தம் வேண்டாம். முதலில் கூரை, கண்ணாடி, அப்புறம் பானட், டிக்கி, கதவுகள், கடைசியில் பம்பர். கதவுகளைத் திறந்து ஓரங்களைத் துடைக்க வேறு சின்னத் துணி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கிரீஸ் இருக்கும்.

சர்ஜாபூர் ரோடு: அண்ணா, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேர்த்துவைத்துத்தான் கார் கழுவுகிறேன். தண்ணீரை வீணாக்கக் கூடாதே என்று. சரியா?

எண்ணம் ரொம்ப நல்லது மேடம், உங்களைப் போல எல்லோரும் நினைக்க வேண்டும். ஆனால் மெஷின் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். டயர், மிதியடி, முதல் சேறு கழுவ அது போதும். கடைசி அலசலுக்கு மட்டும் வேண்டாம்.

கடைசி அலசலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு இருக்காது. அதைவிட நல்லது மழைத் தண்ணீர். 2009-லிருந்து இந்த ஊரில் பெரிய மனைகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், பல வீடுகளில் தொட்டி சும்மா கிடக்கிறது. மொட்டை மாடித் தூசியைக் கழுவும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்து வருவதை வடிகட்டிப் பிடித்தால், அரை பக்கெட்டில் ஒரு சின்னக் காரின் கடைசி அலசல் முடியும். அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்தாலும் தடம் மிகக் குறைவாகத்தான் விழும். என் பட்டறையிலும் இதைத்தான் செய்கிறேன்.

கோரமங்களா: குடிநீரில் கார் கழுவினால் அபராதம் உண்டா?

2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது குடிநீரில் வண்டி கழுவக் கூடாது என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது, அபராதம் 5000 ரூபாய். 2025 பிப்ரவரியிலும் அதே உத்தரவு வந்தது. காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நம் ஊரைவிடப் பள்ளத்திலிருந்து பம்ப் போட்டு ஏற்றி வருவது. உத்தரவு இல்லாத மாதத்திலும் அதை ஹோஸில் திறந்து விடாதீர்கள்.

பி.டி.எம். லேஅவுட்: டவல் வாங்கி நாலு மாதம்தான். முதலில் நன்றாக உறிஞ்சியது, இப்போது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகிறது. வீட்டில் மற்ற துணிகளோடுதான் துவைக்கிறோம், வாசனைக்கு கண்டிஷனர் ஊற்றி.

பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் நைலானும் சேர்ந்த இழை, பொதுவாக 80-க்கு 20 அல்லது 70-க்கு 30. நூற்றபின் ஒவ்வொரு இழையையும் ஆரஞ்சுச் சுளை மாதிரி பிளக்கிறார்கள். 9000 மீட்டர் நீளத்துக்கு எடை ஒரு கிராமுக்கும் கீழே என்றால்தான் அது மைக்ரோஃபைபர். பட்டு இழையே ஏறக்குறைய அந்த ஒரு கிராம் கணக்குக்குத்தான் வரும். அவ்வளவு மெல்லிய இழைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள்தான் தண்ணீரை இழுக்கின்றன. துணிக்கு மென்மை தரும் கண்டிஷனர் ஒவ்வொரு இழையின் மேலும் வழவழப்பான பூச்சு போடுகிறது. இடுக்கு அடைந்தால் டவல் பிளாஸ்டிக் தாள்தான்.

துவைக்கும் முறை இது. தனியாகத் துவையுங்கள், பருத்தித் துணியோடு போட்டால் அதன் பிசிறையெல்லாம் இது பிடித்துக்கொள்ளும். திரவ டிடர்ஜென்ட் கொஞ்சமாக, தண்ணீர் 40 டிகிரி வரை. பிளீச் கூடாது. கண்டிஷனர் கூடாது. ஒரு முறை கூடுதலாக அலசுங்கள். நிழலில், தூசி பறக்காத இடத்தில் காயப் போடுங்கள். இஸ்திரி போடவே கூடாது, சூட்டில் இழை நுனி உருகி முரடாகிவிடும். உங்கள் டவலை இதே முறையில் இரண்டு தரம் துவைத்து, கடைசி அலசலில் அரை கப் வெள்ளை வினிகர் சேருங்கள். போர் தண்ணீர் உப்பும் கரையும். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

மாரத்தஹள்ளி: துவைக்கும்போது கண்டிஷனர் கொஞ்சமாகப் போடலாமா?

கூடாது.

இந்திராநகர்: கடையில் மூன்று துணி சேர்ந்த பாக்கெட், 340 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கிறது. போதுமா தம்பி?

ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 340 துணி டாஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நல்லது. பாடியில் ஈரம் எடுக்க அது சீக்கிரம் நனைந்துவிடும். 60-க்கு 90 சென்டிமீட்டர் அளவில், முறுக்கு இழை போட்ட கனமான டவல் ஒன்று வாங்குங்கள். ஜே.சி. ரோடு கடைகளில் கையால் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். வாங்கியதும் லேபிளை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு தரம் துவைத்த பிறகே வண்டியில் படவிடுங்கள்.

அல்சூர்: தம்பி, என்னுடையது வெள்ளை அம்பாசடர். நாற்பது வருடமாகப் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் துடைக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. பிளாஸ்டிக் நூல் பருத்தியைவிட மென்மை என்று யார் சொன்னது?

ஐயா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன். பழைய அம்பாசடர் பெயின்டில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. மங்கினால் கையால் பாலிஷ் போட்டு மேல் தோலை எடுத்துவிடலாம். வெள்ளையில் மெல்லிய கீறல் கண்ணுக்கும் படாது. இன்றைய கார்களில் நிறத்தின் மேல் தனியாக ஒரு கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பளபளப்பு அடுக்கு, இருக்கிறது, சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான். தலைமுடியைவிட மெலிசு. கருப்பு வண்டியில் அதில் விழும் கீறல் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும். வேட்டி மெல்லிய நெசவு. ஒரு மண் துகள் சிக்கினால் உள்ளே போக இடமில்லை, பெயின்டின் மேலேயே உருளும். டவலின் உயர்ந்த இழைகளுக்குள் அது இறங்கிக்கொள்ளும்.

அல்சூர், மறுபடி: உள்ளே இறங்கிய மண் துவைத்தாலும் வெளியே வராதே? அடுத்த வாரம் அதுவே கீறுமே? வேட்டியை உதறினால் மண் விழுந்துவிடும்.

இது சரியான கேள்வி. இதற்காகவே கீழே விழுந்த டவலைத் திரும்ப வண்டியில் வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த வருடம், கீழே விழுந்த டவலை உதறிவிட்டு ஒரு கருநீலக் காரின் கதவைத் துடைத்தேன். கதவு முழுக்க வில் வில்லாகக் கோடு. அந்தக் கதவை என் செலவில் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். உதறினால் மண் போய்விடும் என்று அப்புறம் நான் நம்பியதில்லை.

இதற்குப் பிறகு ஜெயநகர் தம்பி ஒருவர் வேட்டிக்கு ஆதரவாக வந்தார், ஹெப்பாளிலிருந்து இன்னொருவர் ஷாமி தோல்தான் சிறந்தது என்றார், அரை மணி நேரம் வேறு கேள்வியே வரவில்லை. (ஷாமி ஈரத்தை நன்றாக எடுக்கும். ஆனால் பெயின்டோடு ஒட்டிக்கொண்டு இழுபடும், தூசி நடுவில் மாட்டினால் தப்பாது. எனக்கு வேண்டாம்.) சண்டை வேண்டாம் என்று ஒரு சோதனை சொன்னேன். பழைய சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் இரண்டு துணியையும் இருபது தரம் தேய்த்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள் என்று.

அல்சூர், மாலையில்: செய்து பார்த்தேன் தம்பி. வேட்டியின் நடுப்பகுதி கீறவில்லை, கரைப்பக்கம் கீறியது. என் பேரனுடைய மைக்ரோஃபைபர் டவல் நடுவில் கீறவில்லை, தையல் போட்ட ஓரம் வேட்டிக்கரையைவிட மோசம்.

ஐயா, உங்கள் சோதனையை ஏற்றுக்கொள்கிறேன். நைலான் நூலில் தைத்த ஓரம் முரடு. ஓரம் தைக்காமல் வெட்டிய டவலையோ, வழவழப்பான துணிப்பட்டி வைத்ததையோ வாங்கச் சொல்லியிருக்க வேண்டும், இந்திராநகர்காரரும் இதைக் குறித்துக்கொள்ளட்டும். அலசிக் காய்ந்த பழைய வேட்டி கண்ணாடிக்கு அருமை, அதில் உங்களோடு எனக்கு வாதம் இல்லை. உங்கள் அம்பாசடருக்கும் அதுவே தொடரட்டும். பேரன் வண்டிக்கு வேண்டாம்.

பெல்லந்தூர்: அபார்ட்மென்டில் தினமும் விடியற்காலை ஒரு பையன் பக்கெட்டும் துணியும் வைத்துத் துடைக்கிறான். நல்லதுதானே?

ஒரே பக்கெட்டில், ஒரே துணியில், இருபது வண்டி. முதல் வண்டியின் மண் உங்கள் வண்டிக்கு வருகிறது. அந்தப் பையன் மேல் தப்பில்லை, நாம் கொடுக்கும் சம்பளத்தில் வேறு எப்படிச் செய்வான்? தினமும் கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள். உங்கள் வண்டிக்கென்று நாலு துணி வாங்கிக் கொடுத்து, வாரம் ஒரு நாள் முழுதாகக் கழுவச் சொல்லுங்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: மழையில் நனைந்து வந்ததும் துடைத்துவிட்டால் கழுவின மாதிரிதானே?

இல்லை. அந்த ஈரத்துக்குக் கீழே ரோட்டுச் சேறு இருக்கிறது. தண்ணீர் ஊற்றி அலசாமல் துணி வைக்காதீர்கள்.

யெலஹங்கா: ஊதும் மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம். பக்கக் கண்ணாடி, நம்பர் பிளேட், விளக்கு இடுக்குகளில் நிற்கும் தண்ணீரை எந்தத் துணியாலும் எடுக்க முடியாது, துடைத்து முடித்தபின் அதுதான் கோடாக வழியும். மெஷின் இல்லையென்றால் ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து அங்கங்கே ஒற்றி எடுங்கள். பிரேக் டிஸ்க்கும் காயும், செந்துரு ஏறாது.

கே.ஆர். புரம்: செராமிக் கோட்டிங் எவ்வளவு ஆகும்?

இன்றைக்குத் தலைப்பு அது இல்லை. வண்டியைப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் போகாதீர்கள்.

பனசங்கரி: டவல் வாசனையாக இருக்க கண்டிஷனர்...

பி.டி.எம். லேஅவுட்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்றாவது தரம் எழுத மாட்டேன். வாடை வருகிறது என்றால் ஈரத்தோடு மடித்து டிக்கியில் போட்டிருக்கிறீர்கள். முழுக்கக் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஃபிரேசர் டவுன்: அண்ணா, டவலை எப்போது தூக்கிப் போடுவது?

தூக்கிப் போடாதீர்கள், இறக்குங்கள். இழை முரடானதும் பாடியிலிருந்து கதவு ஓரத்துக்கு, அங்கிருந்து டயர் ரிம்முக்கு, கடைசியில் எஞ்சினுக்கு. ஒவ்வொரு தரம் இறக்கும்போதும் ஒரு மூலையை வெட்டி அடையாளம் வையுங்கள். இரண்டு மூலை போன துணி என் பட்டறையில் பெயின்ட் பக்கமே வராது. இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் கொடுப்பது கத்தரிக்கோல்தான்.