ஒரே புள்ளியில் கிடைத்த கோப்பை

கேள்வி: இந்தியாவின் கால்பந்து லீக் போட்டியான ஐ-லீக்கின் 2018-19 கோப்பையைச் சென்னை சிட்டி கால்பந்து அணி ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் வென்றது. கடைசி நாளில் வாய்த்த அதிர்ஷ்டம் என்று அதைச் சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. கடைசி நாள் பரபரப்பாக இருந்தது உண்மைதான். 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி 40 புள்ளிகளுடனும் கொல்கத்தா அணியான ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளுடனும் களமிறங்கின. கோவை நேரு விளையாட்டரங்கில், முந்தைய பருவத்தின் சாம்பியனான மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்துவிட, இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. பிற்பாதியில் பெட்ரோ மான்சி பெனால்ட்டியில் சமன் செய்தார். அதன்பின் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடிக்க, ஆட்டம் 3-1 என்று முடிந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, கோகுலம் கேரளாவை 2-1 என்று வென்றது. ஆகவே கோவை ஆட்டம் டிராவில் முடிந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

ஆனால் 20 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தை ஒரு மாலைப் பொழுதை வைத்து எடைபோடுவது நியாயமாகாது. புள்ளிப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள் (வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1). இரு அணிகளும் 13 ஆட்டங்களில் வென்றன. சென்னை சிட்டி 4 டிரா, 3 தோல்வி; ஈஸ்ட் பெங்கால் 3 டிரா, 4 தோல்வி. அந்த நான்கு தோல்விகளில் இரண்டு, கொல்கத்தாவிலும் கோவையிலும் சென்னை சிட்டியிடமே 2-1 என்ற கணக்கில் கண்டவை. அவற்றில் ஒன்று டிரா ஆகியிருந்தாலும் ஈஸ்ட் பெங்கால் 43, சென்னை சிட்டி 41 என்று பட்டியல் தலைகீழாகியிருக்கும். போட்டியாளரை நேருக்கு நேர் இருமுறை வீழ்த்திய அணியை அதிர்ஷ்டசாலி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கடைசிச் சுற்றில் முக்கிய ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவது ஏன்? ரசிகர்களால் இரண்டையும் பார்க்க முடிவதில்லையே?

பதில்: மற்ற ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே அறிந்த அணி, தனக்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஆடிவிட முடியும். 1982 உலகக் கோப்பையில், ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் அதுதான் நடந்தது. அதே குழுவிலிருந்த அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டதால், அங்கே மோதிய மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுக்கும், ஜெர்மனி சிறிய வித்தியாசத்தில் வென்றால் தாமிருவருமே முன்னேறலாம் என்பது தெரிந்திருந்தது. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி கோல் அடித்த பிறகு இரு அணிகளும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தன, அல்ஜீரியா வெளியேறியது. அதன் பிறகே கடைசிக் குழு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் உலகக் கோப்பைக்கு வந்தது. ரசிகருக்கு ஓர் ஆட்டம் தவறிப்போனாலும் இந்த ஏற்பாடு அவசியமானது.

கேள்வி: சென்னை சிட்டியின் வெற்றி வெளிநாட்டு வீரர்களின் வெற்றிதானே?

பதில்: 21 கோல்கள் அடித்த மான்சியும், நெஸ்டர், சான்ட்ரோ ஆகியோரும் இல்லாமல் அந்தப் பருவம் இல்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அவர்களைச் சுற்றித்தான் அணியை அமைத்தார். எனினும் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழக வீரர்களும் அந்த அணியில் ஆடினார்கள் என்பதை மறக்கலாகாது. 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் ஆடவே இல்லை என்பதுதான் எனக்கு உண்மையான வருத்தம்.