மெட்டியைக் கழற்றிவிட்டு இறங்குங்கள்: ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ரியோகான் என்ற ஜப்பானியப் பாரம்பரிய விடுதியில் ஓர் இரவுக்கு இவ்வளவு வாங்குகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

பதில்: பெரும்பாலும் அங்கே அறைக்கு வாடகை இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் சேர்ந்துவிடும். ஊர் சுற்றிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் இறங்கினால் பாதிப் பணம் வீண். மூன்று மணிக்கே போய்விடுங்கள். ஒரு குளியல், ஆறு ஏழு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் தாதாமிப் பாயில் மெத்தை விரித்துத் தருவார்கள், படுக்குமுன் இன்னொரு குளியல். இதற்குத்தான் காசு.

கேள்வி: துணியே இல்லாமலா குளிக்க வேண்டும்? நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

பதில்: ஆமாம், நீச்சலுடைகூடக் கூடாது. ஆண், பெண் தனித்தனி. வாசலில் நீலத் திரை இருந்தால் பெரும்பாலும் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. சில விடுதிகளில் இரவோடிரவாகத் திரைகளை மாற்றிவிடுவார்கள். காலையில் தூக்கக் கலக்கத்தில் நேற்றுப் போன வாசலிலேயே நுழைந்துவிடாதீர்கள்! கூச்சமெல்லாம் முதல் ஐந்து நிமிஷம்தான். முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை போக அலசிய பிறகே தொட்டியில் கால் வைக்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும். சின்னத் துண்டும் நீரில் படக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். அப்படியும் தயக்கமென்றால் 'காஷிகிரி' உண்டா என்று கேளுங்கள், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனிக் குளியலறை கிடைக்கும். பச்சை குத்தியவர்களுக்கும் அதுதான் வழி, பல இடங்களில் அவர்களைப் பொதுத் தொட்டியில் விடுவதில்லை.

கேள்வி: மெட்டி, தாலியோடு இறங்கலாமா?

பதில்: வெள்ளியைக் கட்டாயம் கழற்றுங்கள். கந்தக நீரில் மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாம் கறுத்துப்போகும். குசாட்சு என்ற ஊரின் ஊற்று நீரில், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு சுமார் 2, கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு. காலில் சிராய்ப்பு இருந்தால் சுரீரென்று எரியும். தங்கம் அப்படிக் கறுக்காதுதான், ஆனால் அதிலும் செம்பு கலந்திருக்கிறதே. நான் என்றால் கழற்றித்தான் வைப்பேன்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சமாளிக்கலாமா?

பதில்: கஷ்டம்தான். கண்ணுக்கு மீன் தெரியாது, ஆனால் சூப்பிலும் காய்கறி வேகவைத்த சாற்றிலும் 'தாஷி' என்ற அடிப்படைச் சாறு இருக்கும். அதில் சேர்வது புகையில் உலர்த்திய சூரை மீன் சீவல், நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். "மீன் வேண்டாம்" என்றால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். அதனால் மீன் தாஷியும் வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. விடுதியில் மறுத்துவிட்டால் கோயா மலையிலுள்ள பௌத்தக் கோயில் விடுதிகளுக்குப் போங்கள். அங்கே துறவிகள் சமைக்கும் மரக்கறிச் சாப்பாடு, வெங்காயம் பூண்டுகூட இருக்காது.

கேள்வி: விடுதியில் தரும் யுகாதா அங்கியை எப்படி உடுத்துவது?

பதில்: இடப்பக்கம் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. கினோசாகி என்ற வெந்நீர் ஊற்று ஊரில் அந்த அங்கியும் மரச்செருப்புமாகவே தெருவில் ஒவ்வொரு குளியல் இல்லமாகப் போய் வருவார்கள். நீங்களும் அப்படியே கிளம்பலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.