டர்பன் கடற்கரையோரம் காய்க்கும் அமதுங்குலுவில் களாக்காய் ஊறுகாய் போல் போடலாமா?

போடலாம். அமதுங்குலு நம் களாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி; தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நேட்டால் மாகாணத்து மணற்குன்றுகளில் தானாக வளர்வது. ஆனால் களாவைப் பச்சையாகவே ஊறுகாய் போடுவோமே, அது இங்கே வேண்டாம். நன்றாகச் சிவந்து, லேசாக அமுக்கினால் அமுங்கும் பழம் மட்டும்தான். இலை, தண்டு, பச்சைக்காய் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

பறிக்கும்முன் முள்ளைப் பாருங்கள். நுனி இரண்டாகப் பிளந்த முள் இருந்தால் சரி. இதே குடும்பத்தில் அக்கோகாந்தெரா என்று ஒரு செடி, அம்புக்கு விஷம் எடுத்தது. பூவும் வெள்ளை, பழமும் ஏறக்குறைய அப்படியே. அதற்கு முள் கிடையாது. கை கிழிந்தாலும் முள் நல்லதுதான்!

பழத்தை நறுக்கினால் வெள்ளைப் பால் வரும், பயப்பட வேண்டாம். கடுகு, வெந்தயம் தாளித்து, மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் வெல்லத்தோடு பழத்தைப் போட்டு வதக்குங்கள். முதலில் பால் கலந்ததுபோல் வெளுத்து, அப்புறம் சிவக்கும். சட்டி ஓரத்தில் பிசின் வளையம் ஒட்டும். சோப்புக்கு அசையாது, எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். விதை மெல்லியது, எடுக்க வேண்டாம். ஜாமைவிட எனக்கு இந்தக் காரம்தான் பிடிக்கும், தயிர்சாதத்தோடு.