'வித்' என்றால் 'உடன்' எனில், 'வித்ஸ்டாண்ட்' என்பது 'எதிர்த்து நிற்றல்' ஆவது ஏன்?

இன்று 'உடன்' என்று நாம் கற்கும் 'வித்' என்னும் ஆங்கில முன்னிடைச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'எதிராக' என்பதே முதன்மையான பொருள். 'உடன்' என்பதற்கு அப்போது 'மிட்' என்ற வேறொரு சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் இன்றும் அதே பொருளில் வழங்குகிறது. போரிடுதல், வாதிடுதல் போன்று இரு தரப்பினர் எதிரெதிரே நிற்கும் செயல்களில் வந்த 'வித்', காலப்போக்கில் பகையைவிட அவர்களுக்கிடையிலான தொடர்பையே உணர்த்தத் தொடங்கி, 1100க்குப் பிந்திய இடைக்கால ஆங்கிலத்தில் 'மிட்' இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய 'மிட்' இன்று 'மிட்வைஃப்' என்ற சொல்லில் எஞ்சியுள்ளது. பேறுகாலத்தில் பெண்ணுடன் இருப்பவர் என்பதே அதன் பொருள். பழைய 'வித்' நீங்கள் கேட்ட 'வித்ஸ்டாண்ட்' என்பதில் அப்படியே உறைந்திருக்கிறது.

இந்த மாற்றம் தமிழருக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. 'அண்ணனோடு சண்டை போட்டான்' என்பதில் வரும் 'ஓடு' எதிர்ப்பையும், 'அண்ணனோடு ஊருக்குப் போனான்' என்பதில் வரும் 'ஓடு' துணையையும் குறிப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

பயன்பாட்டில்தான் மாணவர்கள் இடறுகிறார்கள். கத்தியைக் கொண்டு வெட்டுவதற்கும் ஆங்கிலத்தில் 'வித்' வரும். அங்கே தமிழுக்கு 'கத்தியால்' என்பதே இயல்பு. தோட்டம் உள்ள வீடு, பயத்தால் நடுங்குதல் ஆகியவற்றுக்கும் அதே சொல்தான் என்பதால், 'வித்' வரும் இடமெல்லாம் 'உடன்' என்று எழுதும் பழக்கத்தைக் கைவிடுவது மிகவும் அவசியம்.