யூரோ பென்ஷனும் ஏறும் வாடகையும்

கேள்வி: பாரீஸில் ஓய்வு பெற்று, பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு சொந்த ஊரான புதுச்சேரிக்கே வந்துவிட்டேன். ‘உங்களாலதான் வாடகை ஏறுது’ என்று டீக்கடையில் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: கோபம் முழுக்க உங்கள் மேல் இல்லை சார். சனி ஞாயிறு வந்தால் பெங்களூர், சென்னை கார்கள் ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதியின் தெருக்களை அடைத்துக்கொள்கின்றன, குடும்பம் இருந்த வீடுகள் விடுதியாகின்றன, அந்த எரிச்சல் கைக்கு எட்டுகிற ஆள் மேல் விழுகிறது. உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு: ஓனர் கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்கும் அதுதான் ரேட். மற்றபடி, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் ஊருக்குப் புதிதா என்ன! அப்புறம், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஓட்டு கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. தோப்பு முடித்துத் தருகிறேன் என்று வரும் புரோக்கரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.