பூவும் கொடியும் போட்ட துணி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கண்காட்சி ஒன்றில் கலம்காரி என்று சொல்லி விற்ற பருத்திப் புடவை வாங்கினேன். முதல் சலவையிலேயே பூங்கொடிகளின் சிவப்பு இறங்கி, வெள்ளை நிலமெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. இயற்கைச் சாயம் என்றால் அப்படித்தான் போகும் என்கிறார் விற்றவர். உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. முறையாக ஏற்றிய சாயம் இப்படி இறங்காது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய இதே வகைப் பூத்துணிகளை ஐரோப்பியர் விழுந்து விழுந்து வாங்கியதற்கு, துவைத்தாலும் நிறம் போகாததே முக்கியமான காரணம். தன் நாட்டு நெசவாளர்களைக் காப்பதற்காக பிரான்ஸ் 1686இல் அவற்றுக்குத் தடை போட்டு, 1759 வரை அதை நீக்காமல் வைத்திருந்தது.

கலம்காரியில் சிவப்பு நிறத்தை நேரடியாகத் துணியில் பூசுவதில்லை. கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்த துணியில், சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலை மட்டும் வைப்பார்கள்; அப்போது அங்கே நிறம் என்று சொல்ல ஏதும் இருக்காது. பிறகு மஞ்சிட்டியோ சாயவேரோ போட்ட கொப்பரையில் துணியை வேகவைக்கும்போதுதான், படிகாரம் பட்ட இடங்களில் மட்டும் சிவப்பு ஏறி, நூலோடு பிணைந்துவிடும். கருப்புக் கோடுகளோ இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பல நாள் ஊறப்போட்ட நீர் கடுக்காயோடு சேர்ந்து உண்டாவது. ஆகவே, முதல் சலவையில் தண்ணீர் லேசான பழுப்பு மஞ்சளாக மாறினால் அது கடுக்காய், கவலை வேண்டாம். சிவப்பே ஓடுகிறது என்றால், அது மலிவான செயற்கைச் சாயமாக இருக்கலாம், அல்லது இந்தப் படிகளில் எதையோ குறுக்கியிருக்கலாம்.

அடுத்த முறை வாங்கும்போது புடவையை இரண்டு முழம் விரித்து, ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் பாருங்கள். கையால் அச்சுக்கட்டை ஒற்றிய துணியில், ஒரு பூவில் நிறம் கோட்டுக்கு வெளியே இடப்பக்கம் வழிந்திருந்தால், அடுத்ததில் வலப்பக்கம் வழிந்திருக்கும். இயந்திர அச்சில் விலகலும் எல்லாப் பூவிலும் ஒன்றுபோலவே இருக்கும். மச்சிலிப்பட்டினத்துத் துணி கட்டையால் ஒற்றுவது. காளஹஸ்தியிலும் நம் கருப்பூரிலும் கலத்தால், அதாவது எழுதுகோலால், வரைவார்கள் என்பதால் அங்கே இரண்டு பூக்கள் ஒன்றுபோல இருப்பதே அரிது. உங்கள் புடவையை இனி ஊறவைக்காமல், தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிணையாத சாயத்தை உப்பு பிடித்து வைக்காது.

கேள்வி: குர்திக்காக எடுத்த இரண்டரை மீட்டர் துணியில் கொடிகளெல்லாம் மேல்நோக்கிப் படர்கின்றன. அதே அகலத்துத் துணியில் எப்போதும் இந்த அளவே போதுமாயிருந்தது. இப்போது போதாது என்கிறார் தையல்காரர். ஏமாற்றுகிறாரா?
– வாசகி, மதுரை

பதில்: அவர் சொல்வதே சரி. வழக்கமாக ஒரு பாகத்தை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் வைத்து வெட்டித் துணியை மிச்சப்படுத்துவார்கள். ஒரே திசையில் வளரும் கொடியில் அப்படி வெட்டினால், முன்பக்கம் ஏறும் கொடி முதுகில் கீழ்நோக்கித் தொங்கும். இப்படிப்பட்ட துணியைக் கால் மீட்டராவது கூடுதலாக எடுக்க வேண்டும். இப்போதைக்குக் கைகளை மட்டும் கொடியின் நிறத்தில் உள்ள வெற்றுத்துணியில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்; என் கண்ணுக்கு அது முழுவதும் பூவாக இருப்பதைவிட எடுப்பாகத் தெரியும்.

கேள்வி: கோடையில் அணிய, பெரிய இலைகள் அச்சிட்ட ஜார்ஜெட்டா, ரேயானா?
– வாசகி, திருச்சி

பதில்: கடைகளில் கிடைக்கும் ஜார்ஜெட் பெரும்பாலும் பாலியஸ்டர், இலை பளிச்சென்று விழும், வியர்வையை மட்டும் உறிஞ்சாது. மரக்கூழிலிருந்து வரும் ரேயான் உறிஞ்சும், ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், முறுக்கிப் பிழியாதீர்கள். இரண்டையும்விட மல் எனும் மெல்லிய பருத்தி மேல். பெரிய இலையைச் சுருக்கு வைத்த பாவாடையாகத் தைத்தால் மடிப்புகளில் இலை மறைந்துவிடும், நேர்வெட்டாகத் தையுங்கள்.